அறுதி உறுதிக்குப் பிறகு: வாங்கிய வீடு எப்போது எங்கள் வீடாகிறது?

யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் வீடு எப்படி வந்தது என்று கேட்டால், நீண்ட காலமாக இரண்டு பதில்கள்தான் வழக்கத்தில் இருந்தன. ஒன்று, சீதனமாக வந்தது. மற்றது, முதுசமாக வந்தது. விலைக்கு வாங்கியவர்களும் இருந்தார்கள். கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள், மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் எனப் பலர். ஆனால் அவர்களில் பலர் காணியை வாங்கித் தாங்களே கட்டினார்கள். இன்னொரு குடும்பம் பிள்ளை பெற்று, பொங்கி, செத்தவீடு செய்து வாழ்ந்த வீட்டை விலை பேசி வாங்கி அதற்குள் குடிபோவது எங்கள் ஊர்களில் சாதாரணமான விடயமாக மாறியது கடந்த முப்பது ஆண்டுகளுக்குள்தான்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ பிரான்சிலோ இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது தூரத்து உறவினர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் அது விற்பனைக்கு வருகிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் இடப்பெயர்வுக்குப் பின்னர் வாடகை வீடுகளில் காலம் கழித்தவர்கள், அல்லது பிள்ளைகளின் படிப்புக்காகத் தீவுப் பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் நகரை நோக்கி வந்தவர்கள்.

நாங்கள் முதல் வகை. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு ஏழு வயது. அதன்பின் அம்மா ஒன்பது வீடுகளில் இருந்திருக்கிறார். ஒன்றுகூட எங்களுடையது அல்ல. அப்பா இறந்ததும் அப்படியான ஒரு வாடகை வீட்டில்தான். 2023 இல் நானும் கணவரும் வங்கிக் கடன் எடுத்து, நகரிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளிய ஒரு கிராமத்தில் நான்கு பரப்புக் காணியோடு ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வட்டி பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதன் பின்னர் கடன் எடுத்த எவருக்கும் அந்தக் கதை தெரியும்.

வாங்கியதிலிருந்து நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது உறுதி எழுதுவது, கிணறு, பெயர் மாற்றம் போன்ற நடைமுறைக் கேள்விகளைத்தான். அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று விளங்கியது. சட்டத்தின்படி ஒரு வீடு கைமாறும் நாளும், அந்த வீட்டில் இருப்பவர்கள் அதைத் தங்களுடையது என்று நினைக்கத் தொடங்கும் நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இலங்கையில் காணி விற்பனை வாய்வார்த்தையில் செல்லுபடியாகாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்கப்பட வேண்டும். விலைக்கு விற்கும் உறுதியை நாங்கள் அறுதி உறுதி என்கிறோம். அதற்கு முன்னர் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது வழக்கம். காணி ஈட்டில் இருக்கிறதா, வழக்கு ஏதும் உண்டா, ஏற்கெனவே வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். முத்திரை வரி, முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமுமாகக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் இருந்து அற்றோர்னித் தத்துவம் மூலம் இங்கே இன்னொருவர் கையொப்பமிடுவதானால், வீடியோ அழைப்பில் என்றாலும் உரிமையாளரோடு நேரடியாகப் பேசாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். போலி அற்றோர்னித் தத்துவங்களை வைத்துப் பூட்டிக் கிடந்த வீடுகளை விற்ற கதைகள் எங்கள் மாவட்டத்தில் போதுமான அளவு இருக்கின்றன.

வடக்கில் இதற்கு மேலதிகமாகத் தேசவழமை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட வழமைச் சட்டம் அது. இதன் கீழ் வரும் ஒருவர் காணியை விற்கும்போது, அந்தக் காணியில் பங்கு உள்ளவர்களுக்கும், அவர் இறந்தால் உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால், அவர்கள் நீதிமன்றம் போக முடியும்.

எங்கள் வீட்டை விற்றவர் கனடாவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர், ஆகவே இங்கேயும் ரீச்சர் என்றே எழுதுகிறேன். வீடு அவருக்குச் சீதன உறுதியில் கிடைத்தது. இப்போது காணியில் பங்கு எதுவும் இல்லாவிட்டாலும், ஊரிலேயே இருக்கும் அவருடைய தம்பியிடமும் சம்மதக் கடிதம் வாங்கிவிடுவது நல்லது என்று எங்கள் சட்டத்தரணி சொன்னார். அந்த ஒரு கையொப்பத்துக்கு மூன்று வாரம் எடுத்தது. அவர் மறுக்கவும் இல்லை, பணம் கேட்கவும் இல்லை. "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. சட்டத்தரணிதான் சொன்னார், "பிள்ளை, அவருக்கு அது அக்காவின்ர வீடில்லை, அம்மாவின்ர வீடு. ரெண்டு மூண்டு தரம் நடக்கத்தான் வேணும்." சட்டம் கேட்பது ஒரு கடதாசியைத்தான். ஆனால் அந்த மூன்று வாரத்தில் அவர் எதற்கோ விடை கொடுத்துக்கொண்டிருந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இன்னொரு கையொப்பமும் தேவைப்பட்டது. ரீச்சரின் கணவருடையது. பெற்றோர் மகளுக்குக் கொடுத்த வீடு, அதை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மணமான பெண்ணின் அசையாச் சொத்துக்கு விதித்த நிபந்தனை இது. ஆண்களுக்கு இதே போன்ற கட்டுப்பாடு இல்லை. இதை நீக்க வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் நீண்ட காலமாகக் கேட்டுவருகின்றன. கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் வாங்கிய வீடு தேசவழமையின் கணக்கில் தேடிய தேட்டம், அதாவது மணவாழ்க்கையின்போது விலை கொடுத்துச் சேர்த்த சொத்து. கணவன் மனைவியில் ஒருவர் இறந்தால் பாதி மற்றவருக்கும், மறுபாதி இறந்தவரின் உரித்தாளிகளுக்கும் போகும். உறுதியை இருவர் பெயரிலும் எழுதினோம். வங்கிக்கும் அதுதான் வசதி, எனக்கும் அதுதான் நிம்மதி.

உறுதியை வாசித்துப் பாருங்கள். பலர் வாசிப்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் காணிக்கு ஒரு பெயர் இருக்கும், அது வீட்டுக்காரரின் பெயராக இருக்காது. எத்தனை பரப்பு (16 பரப்பு ஓர் ஏக்கர்), கிழக்கில் யார் காணி, வடக்கில் ஒழுங்கையா வாய்க்காலா என எல்லைகள் வரும். பிறகு வீடு, கிணறு, பயன்தரு மரங்கள். சிலவற்றில் கிணற்றில் பங்கும், தண்ணீர் அள்ளப் போகும் வழி வாய்க்கால் உரிமையும் வரும். எங்கள் உறுதியில் அந்த வசனம் இருந்தது. கிணறு எங்கள் எல்லைக்குள் இருந்தாலும் மேற்குப் பக்கத்து வளவுக்காரருக்கு அதில் பங்கு உண்டு. மதில் கட்டும் யோசனை அந்த ஒரு வசனத்தோடு நின்றுபோனது. பங்குக் கிணற்றை அடைத்து மதில் எழுப்பி, இரண்டு குடும்பங்கள் பத்து வருடம் வழக்காடிய கதையை ஊருக்கொன்று சொல்வார்கள்.

கிணற்றில்தான் உண்மையில் எங்கள் குடியிருப்புத் தொடங்கியது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அதைத்தான் நாங்கள் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். மேலிருந்து தோட்டப் பசளையும் மலக்குழிக் கசிவும் அதே வெடிப்புகளால் கீழே போகும். ஆகவே நீண்ட காலம் பூட்டிக் கிடந்த வீட்டை வாங்கினால் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதலில் கலக்கி இறைத்துச் சேறு அள்ளி, குளோரின் போட்டு, இரண்டு மூன்று நாள் விட்டு மீண்டும் இறைக்க வேண்டும். பிறகு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் மாதிரி கொடுத்துப் பரிசோதிக்கலாம். குறிப்பாகப் பார்க்க வேண்டியவை மலக்கழிவுக் கிருமிகளும் நைத்திரேற்றும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை உள்ள வீடுகளில் இது விளையாட்டான விடயமல்ல. இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை அது குறைத்துவிடும்.

எங்கள் கிணறு நைத்திரேற்றில் தப்பியது, கிருமியில் தப்பவில்லை. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து இருபது அடிகூட இல்லை. அந்தக் காலத்தில் கட்டியவர்கள் மனிதர் நடக்கும் வசதியைப் பார்த்திருக்கிறார்கள். சுவருக்குப் பூச்சு, புதிய ரைல்ஸ், குசினிக்கு மேடை என்று ஒதுக்கிய பணம் முழுவதும் தூரத்தில் அடைத்த தாங்கியோடு புதிய குழி வெட்டுவதில் போனது. பார்ப்பவர்களுக்கு வீடு ஒரு வருடம் அப்படியே பழசாகத்தான் தெரிந்தது. ஆனால் செலவை எதில் தொடங்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மண்ணுக்குக் கீழே தொடங்குங்கள்.

குடிபூரல் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்த வீட்டுக்குக் குடிபூரல் செய்வதா என்று சிலர் கேட்டார்கள். ஐயர், பெரிய சாந்தி ஒன்றும் வேண்டாம், தண்ணீர் தெளித்துச் சுத்தி செய்து பால் காய்ச்சினால் போதும் என்றார். நிறைகுடம், சாமிப்படம், விளக்கு, அரிசி, உப்பு, மஞ்சளோடு அம்மா முன்னால் போனார். அன்றிரவு வீட்டில் ஆள் படுக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கட்டில்கள் வந்து சேராததால் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தோம். ரீச்சரின் தம்பியையும் அழைத்திருந்தோம். வந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். உள்ளே வரச் சொன்னபோது, "பரவாயில்லை பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச வீடுதானே" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்க்காத பகுதி வந்தது. வாடகை வீடுகளில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். சுவர் பழுதாகிவிடும் என்பார்கள். அதனால் இருபத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டுப் படங்கள் அலுமாரிகளின் மேல் சாய்ந்தே இருந்தன, அப்பாவின் படம் உட்பட. சொந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே அம்மா அதை மாட்டுவார் என்று நினைத்தேன். மாட்டவில்லை. நான்கு மாதம் அது பழையபடி அலுமாரியின் மேலேயே இருந்தது. கேட்டபோது, "அந்தச் சுவரில அவையின்ர ஆக்களின்ர அடையாளம் கிடக்கு" என்றார். உண்மைதான். ரீச்சரின் பெற்றோரின் படங்கள் தொங்கிய இடத்தில் சுவர் நீள்சதுரமாக வெளிறிக் கிடந்தது. ஆணிகளும் அப்படியே இருந்தன. அந்த ஆணிகளில் அப்பாவை மாட்ட அவருக்கு மனம் வரவில்லை.

புதிய வர்ணம் அடித்தால் சரியாகிவிடும் என்று கணவர் நினைத்தார். அடித்தோம். அம்மா அப்போதும் மாட்டவில்லை. அப்பாவின் திவசத்துக்கு முதல் நாள்தான் மேசனைக் கூப்பிட்டு, பழைய ஆணிகள் இருந்த சுவரை விட்டுவிட்டு எதிர்ச் சுவரில் புதிதாக அடிக்கச் சொன்னார். மறுநாள் படைத்து, அயலவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம். மேற்கு வளவு அக்கா விடியவே வந்து மரக்கறி வெட்டித் தந்தார். வாடகை வீடுகளில் திவசம் செய்யவில்லை என்றில்லை. செய்தோம். ஆனால் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று புகையை அடக்கி, ஆட்களை அடக்கி, சத்தத்தை அடக்கிச் செய்தோம். நல்லது கெட்டது ஒன்று நடந்தால்தான் அது வீடு என்று எங்கள் ஆட்கள் சொல்வதை அதுவரை நான் ஒரு பழைய பேச்சாகவே எடுத்திருந்தேன்.

பொங்கலிலும் இதே வித்தியாசம் தெரிந்தது. வாடகை வீட்டில் காஸ் அடுப்பில் பொங்கிச் சாமியறையில் வைத்துக் கும்பிடுவோம். இங்கே முற்றத்தில் கோலம் போட்டு மூன்று கல்லில் பானை வைத்தபோது, என் மகளுக்குப் பொங்கல் வெளியில் நடக்கும் ஒன்று என்பதே புதுச் செய்தியாக இருந்தது.

அவளைச் சொன்னதும் இன்னொன்று. சொந்த வீடு என்பது இந்த நாட்டில் வெறும் உணர்ச்சி சார்ந்த விடயமல்ல, அது ஒரு பதிவு. வாக்காளர் இடாப்பில் பெயர் ஒரு முகவரியின் கீழ்தான் வரும். தரம் 1 அனுமதியில் வசிப்பிட அண்மைப் பிரிவில் விண்ணப்பிப்பவர்களிடம் பெற்றோரின் பல ஆண்டு இடாப்புப் பதிவுகளையும், உறுதியையும், மின்சாரப் பட்டியலையும் கேட்டுப் புள்ளி போடுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களைத் தங்கள் முகவரியில் பதிய விடப் பல வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். பிறகு வீட்டுக்கு உரிமை கோருவார்கள் என்ற பயம். நாங்கள் கடைசியாக இருந்த வீட்டுக்காரரும் சம்மதிக்கவில்லை. வாடகை தவறாமல் கொடுத்த நான்கு வருடமும் நாங்கள் வேறொரு கிராம அலுவலர் பிரிவில் உறவினர் வீட்டு முகவரியில்தான் "வசித்தோம்". வெள்ளம் வந்தபோது நிவாரணப் பட்டியலில் பெயர் எங்கே வரும் என்பதிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை எல்லாம் அந்த முகவரியோடு போயின. புதிய வீட்டில் கிராம அலுவலர் வாக்காளர் கணக்கெடுப்புப் படிவத்தைக் கொண்டுவந்த நாளில், பிரதான குடியிருப்பாளர் என்ற இடத்தில் யார் பெயர் எழுதுவது என்று கேட்டார். கணவர் அம்மாவைக் காட்டினார். அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்த பிறகே கையொப்பமிட்டார்.

அயலோடு சேர்வதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. வளவில் ஒரு பெரிய கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. வீடு பூட்டிக் கிடந்த வருடங்களில் அதன் பழங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லோருக்கும் சொந்தமாக இருந்தன. வேலியில் ஒரு பொட்டும் இருந்தது. பணம் கொடுத்து வாங்கிய மரம் என்று பொட்டை அடைப்பதா? கணவர் அடைக்கத்தான் நினைத்தார். அம்மா, "இந்த முறை அடைக்காதேங்கோ தம்பி" என்றார். பொட்டு இரண்டாம் வருடம் தானாக இல்லாமல் போனது. அந்தப் பிள்ளைகள் இப்போது படலையால் வந்து கேட்டு ஆய்கிறார்கள், என் மகளும் அவர்களோடு மரத்தில் நிற்கிறாள். மரத்துக்கு வடக்கே அம்மா ஒரு முருங்கைத் தடியும் கறிவேப்பிலைக் கன்றும் வைத்திருக்கிறார். முருங்கை ஒரு வருடத்தில் காய்க்கும் என்பதால் வாடகை வீடுகளிலும் வைப்பார். தென்னம்பிள்ளை மட்டும் எங்கும் வைத்ததில்லை. "காய்க்கும்போது ஆர் இருப்பினமோ" என்பார். போன மாரிக்குப் பண்ணையிலிருந்து இரண்டு வாங்கிவரச் சொன்னார்.

போர்ட்டிகோ முகப்பில் சீமெந்தில் ரீச்சரின் தாயாரின் பெயரோடு "இல்லம்" என்றும், கீழே 1974 என்றும் இருக்கிறது. உடைத்து எங்கள் பெயரைப் போடலாம் என்று பலர் சொன்னார்கள். மேசன் கூலியும் சொல்லிவிட்டார். ரீச்சர் தீபாவளிக்கு வீடியோவில் அழைத்தபோது கிணற்றையும் மாமரத்தையும் காட்டச் சொன்னார். முகப்பைக் காட்டச் சொல்லவில்லை, கேட்கப் பயந்திருப்பார். நானாகக் காட்டினேன். அது அப்படியே இருக்கிறது. வர்ணம் அடித்தபோது எழுத்துகளுக்கு வேறு நிறம் கொடுத்தோம்.

காஸ் கொண்டுவரும் தம்பிக்கும் தபால்காரருக்கும் இது இன்னமும் "ரீச்சர் வீடு"தான். பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு மட்டும், என் மகளின் பெயரைச் சொல்லி, அவளின்ர வீடு. சோலைவரிப் பட்டியல் இந்த ஆண்டும் ரீச்சரின் தகப்பனாரின் பெயரிலேயே வந்தது. பெயர் மாற்றத்துக்கு உறுதிப் பிரதியோடு விண்ணப்பம் கொடுத்து ஏழு மாதமாகிறது. கட்டிய பற்றுச்சீட்டுகளை அம்மா உறுதியோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்திருக்கிறார்.